அட்டவணை போடுவதும் அதைக் கையில் வைத்திருப்பதும்: திட்ட மேலாளர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

நான் முதன்முதலில் பொறுப்பேற்ற திட்டத்தில் ஒரு வேலை தொடர்ந்து ஐந்து வாரம் "90 சதவீதம் முடிஞ்சாச்சு" என்ற நிலையிலேயே இருந்தது. ஒவ்வொரு திங்கட்கிழமையும் கேட்பேன், அதே பதில் வரும், நானும் குறித்துக்கொள்வேன். வேலை செய்தவர் பொய் சொல்லவில்லை. மிச்சமிருந்த பத்து சதவீதம் இன்னொரு குழு தரவேண்டிய ஒப்புதலுக்காகக் காத்துக்கிடந்தது. அந்த ஒப்புதல் என் அட்டவணையில் ஒரு வரியாகக்கூட இல்லை. தேதிகள் எல்லாம் இருந்தன. யார் எதற்காகக் காத்திருக்கிறார்கள் என்பது மட்டும் எங்கும் இல்லை.

அன்றிலிருந்து அட்டவணையைக் காத்திருப்புகளின் வரைபடமாகத்தான் பார்க்கிறேன். அப்படிப் பார்த்து எப்படித் திட்டமிடுவது, எப்படிக் கட்டுக்குள் வைத்திருப்பது என்பதைப் படிப்படியாகச் சொல்கிறேன். கணக்கு கைக்கு எட்டும் அளவில் இருக்க ஒரே எடுத்துக்காட்டைக் கடைசிவரை வைத்துக்கொள்வோம்: ஒரு சிறிய அலுவலகம் புதுக் கட்டடத்துக்கு மாறுகிறது.

படி 1: எது முடிவு என்று எழுதுங்கள்

"அலுவலகம் மாறுவது" என்பது முடிவு ஆகாது. கடைசிப் பெட்டி வந்து இறங்கினால் முடிவா? எல்லோரும் காலையில் வந்து கணினியைத் திறந்து வேலையைத் தொடங்கினால் முடிவா? இரண்டுக்கும் நடுவே ஒரு வாரம் இருக்கலாம். ஒரே வாக்கியத்தில், சரிபார்க்க முடிகிற மாதிரி எழுதி, பணம் கொடுப்பவரிடம் காட்டி, "ஆமாம், இதுதான்" என்று வாங்கிவிடுங்கள்.

படி 2: வேலையைப் பிரியுங்கள்

பெரிய வேலையைச் சிறு வேலைகளாகப் பிரிக்கும்போது செயல்களில் தொடங்காதீர்கள், கைக்கு வரவேண்டிய பொருள்களில் தொடங்குங்கள். தயாரான அறைகள், வந்து சேர்ந்த மேசைகள், ஓடும் நெட்வொர்க் என்று எழுதிவிட்டால், அவை ஒவ்வொன்றுக்கும் என்ன செய்யவேண்டும் என்பது தானாக வரும். எதுவும் விட்டுப்போகாது.

எவ்வளவு சிறிதாகப் பிரிப்பது? ஒரு வேலை 8 மணி நேரத்துக்குக் குறையவும் வேண்டாம், 80 மணி நேரத்தைத் தாண்டவும் வேண்டாம் என்ற பழைய விதி ஒன்று உண்டு. எனக்கு இன்னும் எளிய அளவுகோல் பிடிக்கும்: நீங்கள் நிலவரம் கேட்கும் இரண்டு நாள்களுக்கு நடுவே ஒரு வேலை தொடங்கி முடிந்துவிட வேண்டும், அல்லது அதிகபட்சம் இரண்டு முறை கேட்பதற்குள் முடிய வேண்டும். அதைவிடப் பெரிதாக இருந்தால் "90 சதவீதம்" ஒளிந்துகொள்ள இடம் கிடைத்துவிடும். பொருள்கள் வந்து சேரக் காத்திருப்பது போன்றவை இந்த அளவுக்குள் அடங்காது. அவற்றை இடையிடையே கேட்டுப் பார்க்கும் கட்டங்களாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு வேலைக்கும் ஒரே ஒரு பெயர் பொறுப்பாக இருக்கட்டும். "இரண்டு பேரும் சேர்ந்து" என்று எழுதினால் யாரும் இல்லை என்றுதான் அர்த்தம். ஒப்புதல், ஆய்வு, பொருள் வந்து சேருவது, காய்வதற்கு விடுவது எல்லாம் நேரம் பிடிப்பவைதான். உழைப்பு இல்லை என்பதற்காக அவற்றை விட்டுவிடாதீர்கள். என் ஐந்து வாரம் போனது இந்த இடத்தில்தான்.

படி 3: யார் யாருக்காகக் காத்திருக்கிறார்கள்

ஒவ்வொரு வேலையையும் ஒரு சீட்டில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். வேலையைச் செய்யப்போகிறவர்களையே கூப்பிட்டு, "இதைத் தொடங்க உங்கள் கையில் என்னென்ன இருக்கவேண்டும்?" என்று கேளுங்கள். "எப்போது முடிப்பீர்கள்?" என்ற கேள்வி இப்போது வேண்டவே வேண்டாம். தேதி பேச்சு வந்துவிட்டால் எல்லோரும் தற்காப்புக்குப் போய்விடுவார்கள்.

நம் எடுத்துக்காட்டில் கிடைத்த பதில்கள் இவை. நாள்கள் எல்லாம் வேலைநாள்கள்.

- தளவரைபடம் இறுதியாவது: 5 நாள். எதற்கும் காத்திருக்கவில்லை.
- பார்ட்டிஷன் வேலை: 10 நாள். தளவரைபடத்துக்குப் பிறகு.
- மின்சார, நெட்வொர்க் வயரிங்: 8 நாள். பார்ட்டிஷனுக்குப் பிறகு.
- பெயிண்டிங்: 4 நாள். வயரிங்குக்குப் பிறகு.
- மேசை நாற்காலி ஆர்டர் செய்து வந்து சேருவது: 20 நாள். தளவரைபடத்துக்குப் பிறகு.
- இணைய இணைப்பு வாங்குவது: 15 நாள். முதல் நாளே தொடங்கலாம்.
- மேசைகளைப் பொருத்துவது: 3 நாள். பெயிண்டிங், மேசை வரவு இரண்டும் முடிந்த பிறகு.
- நெட்வொர்க் சோதனை: 4 நாள். பொருத்தும் வேலை, இணைய இணைப்பு இரண்டுக்கும் பிறகு.
- மாறுவது: 2 நாள். சோதனைக்குப் பிறகு.

பெரும்பாலான தொடர்புகள் "அது முடிந்த பிறகு இது" வகைதான். "அது தொடங்கிய பிறகு இது", "அது முடியும்போதுதான் இதுவும் முடியும்" என்ற வகைகளும் உண்டு. தேவைப்பட்டால் மட்டும் பயன்படுத்துங்கள். ஒன்றை மட்டும் கட்டாயம் தவிர்க்கவேண்டும்: மென்பொருளில் ஒரு வேலைக்கு நேரடியாகத் தேதியை அடித்துப் பூட்டிவைப்பது. அப்படிப் பூட்டிய வேலை, தனக்கு முன்னால் உள்ளது ஒரு மாதம் தள்ளிப்போனாலும் அசையாமல் நிற்கும். பார்க்க எல்லாம் ஒழுங்காகத் தெரியும், உள்ளே சங்கிலி அறுந்திருக்கும்.

படி 4: எத்தனை நாள் என்று மதிப்பிடுங்கள்

மனிதர்கள் தங்கள் வேலைக்கு ஆகும் நேரத்தைக் குறைத்தே கணிக்கிறார்கள். உளவியலாளர்கள் டேனியல் கானமன், ஆமோஸ் ட்வெர்ஸ்கி இருவரும் 1979-இல் இதைத் திட்டமிடல் பிழை என்று பெயரிட்டு விளக்கினார்கள். மருந்து, முந்தைய அனுபவத்தின் பதிவு. "போன தடவை இதே மாதிரி வேலைக்கு உண்மையில் எத்தனை நாள் ஆனது?" என்ற கேள்வி, "இந்தத் தடவை எத்தனை நாள் ஆகும்?" என்பதைவிடப் பல மடங்கு நல்லது.

பதிவு இல்லையா? மூன்று எண்களைக் கேளுங்கள்: எல்லாம் நன்றாக நடந்தால், வழக்கமாக, எல்லாம் சொதப்பினால். அமெரிக்கக் கடற்படை 1958-இல் போலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்காக உருவாக்கிய பெர்ட் முறையின் கணக்கு இது. வழக்கமான எண்ணை நான்கால் பெருக்கி, மற்ற இரண்டையும் கூட்டி, ஆறால் வகுக்கவேண்டும். வயரிங் ஆள் 5, 7, 15 என்று சொன்னார். 5 + 28 + 15 = 48; ஆறால் வகுத்தால் 8. நேரடியாகக் கேட்டிருந்தால் "ஏழு நாள்" என்றுதான் சொல்லியிருப்பார். அந்த ஒரு நாளைவிடவும் எனக்கு மதிப்பானது, "15 எதனால் ஆகும்?" என்று கேட்டபோது வந்த பதில்: "பழைய மெயின் போர்டு சுமை தாங்கலைன்னா மாத்தணும்." இப்போது முதல் வாரத்திலேயே போர்டைப் பார்த்துவிடலாம்.

ஒரு எச்சரிக்கை. உழைப்பும் காலமும் வேறு வேறு. மூன்று நாள் உழைப்புள்ள வேலையை, பாதி நேரம் வேறு திட்டத்தில் இருப்பவரிடம் கொடுத்தால் ஆறு நாள் ஆகும். எந்த எண்ணைக் கேட்கிறீர்கள் என்பதைத் தெளிவாகச் சொல்லிக் கேளுங்கள்.

படி 5: முன்னே ஒரு தடவை, பின்னே ஒரு தடவை

அட்டவணையின் இதயம் இந்தக் கணக்கு. 1957-இல் டூபான்ட் நிறுவனத்தின் மோர்கன் வாக்கரும் ரெமிங்டன் ரேண்டின் ஜேம்ஸ் கெல்லியும் ரசாயன ஆலைகளுக்காக உருவாக்கிய கிரிட்டிக்கல் பாத் முறை இதுதான். மென்பொருள் நொடியில் போட்டுத் தரும். ஆனாலும் ஒரு தடவையாவது தாளில் போட்டுப் பாருங்கள்.

முன்னே போவோம். தளவரைபடம் 5-ஆம் நாள் முடியும். பார்ட்டிஷன் 15, வயரிங் 23, பெயிண்டிங் 27. இன்னொரு பக்கம் மேசைகள் 25-ஆம் நாள் வந்துவிடும், இணையம் 15-ஆம் நாள். பொருத்தும் வேலை பெயிண்டிங், மேசை வரவு இரண்டுக்கும் காத்திருப்பதால் பிந்தி முடிவதைப் பிடித்துக்கொள்ளும்: 27-க்குப் பிறகு தொடங்கி 30-இல் முடியும். சோதனை 34. மாறுவது 36. ஆக, மொத்தம் 36 வேலைநாள்.

இப்போது பின்னே வருவோம். 36-இல் முடிய சோதனை 34-இல் முடியவேண்டும், பொருத்துவது 30-இல், அப்படியானால் மேசைகள் 27-க்குள் வந்தால் போதும். அவை 25-இல் வருகின்றன. இரண்டு நாள் மிச்சம். இணையம் 30-க்குள் போதும், 15-இல் வருகிறது; பதினைந்து நாள் மிச்சம். இந்த மிச்சத்துக்குப் பெயர் ஃப்ளோட். தளவரைபடம், பார்ட்டிஷன், வயரிங், பெயிண்டிங், பொருத்துதல், சோதனை, மாறுதல் ஆகியவற்றுக்கு ஃப்ளோட் பூஜ்யம். அதுதான் கிரிட்டிக்கல் பாத். அதில் ஒரு நாள் போனால் திட்டத்தில் ஒரு நாள் போகும்.

பலர் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். எனக்குக் கவலை தருவது அந்த இரண்டு நாள் மிச்சமுள்ள மேசைப் பாதைதான். அது மூன்று நாள் பிந்தினால் கிரிட்டிக்கல் பாத்தே அங்கே மாறி, திட்டம் 37 நாள் ஆகிவிடும். இன்னொன்று: ஃப்ளோட் ஒரு தனி வேலைக்குச் சொந்தமில்லை, அந்தப் பாதை முழுவதற்கும் பொது. ஆர்டருக்கு ஒப்புதல் 2 நாள், தயாரிப்பு 15, கொண்டுவருவது 3 என்று பிரித்துப் பாருங்கள். ஒப்புதல் கொடுப்பவர் "ரெண்டு நாள்தானே" என்று தாமதித்தால், பின்னால் வருகிற இருவருக்கும் ஒன்றும் மிச்சமில்லை.

பாதைகள் சேரும் இடத்தையும் கவனியுங்கள். பெயிண்டிங்கும் மேசைகளும் தத்தம் நாளில் முடிய தலா 80 சதவீத வாய்ப்பு, ஒன்றை ஒன்று பாதிக்காது என்று வைத்துக்கொண்டால், இரண்டும் முடிந்து பொருத்தும் வேலை நேரத்துக்குத் தொடங்க வாய்ப்பு 64 சதவீதம்தான். ஐந்து பாதை சேரும் இடத்தில் அது 33 சதவீதத்துக்கு வந்துவிடும்.

படி 6: ஆட்களை வைத்துப் பாருங்கள்

எது எதற்குப் பிறகு என்று வேலைகளை இணைக்கும் அம்புக்குறிகளுக்கு ஆட்கள் தெரியாது. சோதனை செய்யவேண்டிய நெட்வொர்க் ஆள் 31 முதல் 35-ஆம் நாள் வரை விடுப்பு என்று வையுங்கள். ஒரு அம்பும் மாறவில்லை, ஆனால் திட்டம் 41 நாள் ஆகிவிட்டது. யார் எந்த வாரம் இருக்கிறார்கள், யாரிடம் ஒரே நேரத்தில் இரண்டு வேலை விழுகிறது என்று வாரவாரியாகப் பாருங்கள். மோதல் வந்தால் ஃப்ளோட் உள்ள வேலையை நகர்த்துங்கள், பூஜ்யம் உள்ளதற்கு ஆளைக் கொடுங்கள்.

படி 7: பஃபரை ஒரே இடத்தில் வையுங்கள்

ஒவ்வொருவரும் தன் வேலைக்குள் இரண்டு நாளை ஒளித்துவைத்தால் அது எங்கே போகிறது என்றே தெரியாது. கொடுத்த நேரம் முழுவதையும் நிரப்பும் அளவுக்கு வேலை விரிந்துகொள்ளும் என்று வரலாற்றாசிரியர் பார்க்கின்சன் 1955-இல் எழுதியது நாளும் நடக்கிறது. சீக்கிரம் முடித்தவர் சொல்லமாட்டார், தாமதித்தவர் தள்ளிவிடுவார். அதனால் வேலைகளுக்கு நேர்மையான நாள்களைப் போட்டு, பாதுகாப்பு நாள்களை மொத்தமாகக் கடைசியில் பஃபராக வையுங்கள். நம் திட்டத்துக்கு 36 நாள், 5 நாள் பஃபர், வெளியே சொல்லும் தேதி 41-ஆம் நாள்.

இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. நேர்மையான மதிப்பீட்டைக் கொடுத்தவர் ஒரு நாள் பிந்தினால் அவரைத் திட்டக்கூடாது. ஒருமுறை திட்டினால் அடுத்த திட்டத்தில் எல்லோரும் மறுபடி ஒளித்துவைக்கத் தொடங்குவார்கள்.

படி 8: பேஸ்லைன்

எல்லோரும் ஒப்புக்கொண்ட அட்டவணையை ஒரு பிரதி எடுத்துப் பூட்டிவையுங்கள். அதுதான் பேஸ்லைன். தாமதம் வந்ததும் அதைத் திருத்தாதீர்கள். வேலையின் அளவே அதிகாரப்பூர்வமாக மாறினால் மட்டும், யார், எதற்காக ஒப்புக்கொண்டார் என்று எழுதிவைத்துப் புதிய பேஸ்லைன் போடலாம்.

படி 9: வாரந்தோறும் நான்கு கேள்விகள்

கட்டுப்பாடு என்பது வாரத்தில் ஒரு மணி நேரம்தான், ஆனால் ஒரு வாரமும் தவறக்கூடாது. கூட்டத்துக்கு முன்பே ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கேட்டுவிடுங்கள். பத்துப் பேர் முன்னால் யாரும் உண்மையை முழுசாகச் சொல்வதில்லை.

1. எந்தத் தேதியில் தொடங்கினீர்கள்?
2. முடிந்திருந்தால், எந்தத் தேதியில்?
3. முடியவில்லை என்றால், இன்றிலிருந்து இன்னும் எத்தனை வேலைநாள் வேண்டும்?
4. இப்போது யாருக்காக, எதற்காகக் காத்திருக்கிறீர்கள்?

சதவீதம் கேட்கவே வேண்டாம். "90 சதவீதம்" என்று ஐந்து வாரம் சொல்ல முடியும். "இன்னும் ரெண்டு நாள்" என்று மூன்றாவது வாரமும் சொல்லும்போது சொல்பவருக்கே உறுத்தும், உண்மைக் காரணம் வெளியே வரும்.

பதில்களை, நாள்கள் இடமிருந்து வலமாக ஓடும் அட்டவணையில் ஏற்றி, இன்றைய தேதியில் ஒரு கோடு போடுங்கள். முடியாத வேலை எதுவும் கோட்டுக்கு இடப்பக்கம் இருக்கக்கூடாது. நேற்று யாராலும் வேலை செய்ய முடியாது. மிச்சத்தையெல்லாம் வலப்பக்கம் தள்ளி மறுபடி கணக்குப் போடுங்கள்.

15-ஆம் நாள் மாலை நிலவரம் இப்படி வந்தது என்று வையுங்கள். தளவரைபடம் முடிந்தது. இணையம் வந்துவிட்டது. மேசைகள் 10 நாள் அளவுக்கு நகர்ந்திருக்க வேண்டியது, 13 நாள் அளவுக்கு வந்துவிட்டது. பார்ட்டிஷன் முடிந்திருக்க வேண்டும், இன்னும் 4 நாள் மிச்சம். முடிந்த வேலையின் மதிப்பைத் திட்டமிட்ட மதிப்பால் வகுக்கும் எஸ்பிஐ எண்ணைப் போடுவோம். மதிப்பை இங்கே நாள்களிலேயே எடுத்துக்கொண்டால், முடிந்தது 5 + 15 + 13 + 6 = 39. திட்டமிட்டது 5 + 15 + 10 + 10 = 40. விகிதம் 0.975. அறிக்கையில் இது பச்சை நிறத்தில்தான் இருக்கும். ஆனால் மறுகணக்குப் போட்டால் பார்ட்டிஷன் 19, வயரிங் 27, பெயிண்டிங் 31, பொருத்துதல் 34, சோதனை 38, மாறுவது 40. நான்கு நாள் தாமதம். காத்திருக்கத் தெரிந்த வேலையில் முந்தியது, காத்திருக்க முடியாத வேலையில் பிந்தியதை மறைத்துவிட்டது. எஸ்பிஐ போடுங்கள், ஆனால் கிரிட்டிக்கல் பாத்துக்குத் தனியாகவும் போடுங்கள். திட்டம் எவ்வளவு தாமதமானாலும் எல்லா வேலையும் முடிகிற நாளில் எஸ்பிஐ 1-க்கு வந்துவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள். கடைசிக் கட்டத்தில் அதை நம்பக்கூடாது.

அதே நாளில் பஃபரைப் பாருங்கள். கிரிட்டிக்கல் பாத்தின் 36 நாள் வேலையில் 11 நாள் வேலை முடிந்திருக்கிறது, ஏறக்குறைய 31 சதவீதம். 5 நாள் பஃபரில் 4 போய்விட்டது, 80 சதவீதம். இந்த இரண்டு எண்ணையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துக் காட்டினால் எந்த மேலதிகாரிக்கும் விளக்கம் தேவைப்படாது. வெளியே சொன்ன தேதி இன்னும் பத்திரமாகத்தான் இருக்கிறது, ஆனால் இப்போதே ஏதாவது செய்யவேண்டும்.

படி 10: பின்தங்கினால்

முதலில், எங்கே நாளைக் குறைத்தால் திட்டம் குறையும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். பழைய 36 நாள் அட்டவணையையே எடுத்துக்கொள்வோம். கூடுதல் பணம் கொடுத்து வயரிங்கை 8-லிருந்து 5 நாளாகக் குறைக்கிறீர்கள். பெயிண்டிங் 24-இல் முடியும். ஆனால் மேசைகள் 25-இல்தான் வரும். திட்டம் 34 நாளாகும். மூன்று நாளுக்குப் பணம் கொடுத்து இரண்டு நாள்தான் கிடைத்தது. பார்ட்டிஷன் நான்கு நாள் பிந்திய பிறகோ, பெயிண்டிங் முடிவதற்கு முன்பே மேசைகள் வந்துவிடுவதால், அதே மூன்று நாளும் முழுசாகக் கிடைக்கும். அதே செலவு, வேறு பலன்.

ஆள் சேர்ப்பது எப்போதும் உதவாது. பெயிண்டிங்குக்கு இன்னும் இருவரைச் சேர்க்கலாம். ஆனால் தாமதமான மென்பொருள் திட்டத்தில் ஆள் சேர்த்தால் இன்னும் தாமதமாகும் என்று கணினி விஞ்ஞானி ஃபிரெட் புரூக்ஸ் 1975-இலேயே எழுதிவிட்டார். புதியவருக்குச் சொல்லிக்கொடுப்பதும் பேசவேண்டிய ஆட்கள் கூடுவதும் பழையவர்களின் நேரத்தையே தின்னும்.

அடுத்த வழி, ஒன்றன்பின் ஒன்றாக இருப்பதை ஒன்றின்மேல் ஒன்றாக ஓட்டுவது. வயரிங் முடிந்த அறைகளில் பெயிண்டிங்கைத் தொடங்கிவிடலாம், பெரிய ஆபத்தில்லை. ஆனால் வடிவமைப்பு முடியாமல் கட்டத் தொடங்குவது வேறு கதை. சிட்னி ஓப்பரா ஹவுஸ் வேலை 1959-இல் தொடங்கியபோது கூரையை எப்படிக் கட்டுவது என்பதே முடிவாகவில்லை. பிறகு முடிவான கூரையின் எடையை ஏற்கெனவே கட்டிய தூண்கள் தாங்காது என்று தெரிந்து அவற்றை மறுபடி கட்டவேண்டி வந்தது. 1963-இல் முடிப்பதாக இருந்த கட்டடம் 1973-இல்தான் திறக்கப்பட்டது. தாமதத்துக்குக் காரணங்கள் வேறும் உண்டு, ஆனால் அந்தத் தூண்களை நான் மறப்பதில்லை. ஒன்றின்மேல் ஒன்றாக ஓட்டுவதற்கு முன், "முன்னால் உள்ளது மாறினால் பின்னால் உள்ளதில் எவ்வளவு வீணாகும்?" என்று கேளுங்கள்.

மூன்றாவது வழி, வேலையைக் குறைப்பது. எல்லா அறையும் முதல் நாளே தயாராக இருக்கவேண்டுமா? கூட்ட அறையின் பெயிண்டிங்கைப் பிறகு வைத்துக்கொண்டால் எத்தனை நாள் கிடைக்கும்? பெரும்பாலும் இதுதான் மலிவான வழி. இதைக் கடைசியில் யோசிப்பதுதான் நாம் செய்யும் தவறு.

எதுவும் முடியவில்லை என்றால் தேதியைத் தள்ளவேண்டியதுதான். சரி, அதை உடனே சொல்லுங்கள். 16-ஆம் நாள் சொன்னால் கேட்பவர் பழைய கட்டடத்தின் வாடகையை ஒரு வாரம் நீட்டிக்க ஏற்பாடு செய்துகொள்வார். 39-ஆம் நாள் சொன்னால் அவருக்கு வழியே இருக்காது. சொல்லும்போது புதிய தேதி, காரணம், முயன்று பார்த்த வழிகள், அவர் எடுக்கவேண்டிய முடிவு ஆகிய நான்கும் இருக்கட்டும்.

படி 11: முடிந்த பிறகு

ஆட்கள் கலைவதற்குள் பேஸ்லைனையும் உண்மையில் நடந்த தேதிகளையும் பக்கத்தில் வைத்து ஒரு பிரதி எடுங்கள். பார்ட்டிஷன் 10 என்றோம், 14 ஆனது, தளவரைபடத்தில் ஒரு சுவர் மாறியது. மேசைகள் 20 என்றோம், 17 ஆனது. ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி போதும். படி 4-இல் "போன தடவை எத்தனை நாள் ஆனது?" என்று கேட்டேனே, அடுத்த திட்டத்தில் அந்தக் கேள்விக்கான பதில் இந்தத் தாளில் இருக்கும்.